எட்டாவது ஆள்

சித்திரை வருடம் பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் விளையாட்டு விழா நடக்கும். கண்டாவளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். பொது மண்டபத்துக்கு முன்னால் ஒரு மைதானம். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பாலை மரம். விழா நாளில் அந்த மரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஏறிவிடும்.

நான் பெயர் பதியும் மேசையில் இருந்தேன். கொப்பியில் போட்டியாளர்களின் பெயர்களை எழுதுவது என் வேலை. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மேசைக்குப் பின்னால் இருப்பவரை யாரும் ஓடச் சொல்வதில்லை.

தேசிக்காய் ஓட்டம் முடிந்தது. மெதுவான சைக்கிள் ஓட்டம் முடிந்தது. கயிற்றில் தொங்கிய பணிஸைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சாப்பிடும் போட்டியும் முடிந்தது. கடைசி நிகழ்ச்சி பெண்களுக்கான கயிறு இழுத்தல். பாதிச் சனம் அதற்காகத்தான் வரும். ஒரு பக்கம் கலியாணம் முடித்த பெண்கள், மற்றப் பக்கம் முடிக்காதவர்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர். மூன்று இழுவையில் இரண்டை வெல்ல வேண்டும்.

நான்கு வருடமாகக் கலியாணம் முடித்தவர்கள்தான் வென்று வருகிறார்கள். அதற்கு முந்திய ஐந்து வருடமும் மற்றப் பக்கம் வென்றது. அந்த ஐந்து வருடமும் கயிற்றின் கடைசி முனையில் நின்றவள் ரஜிதா அக்கா. என் பெரியம்மாவின் மகள். அவள் குதியை ஊன்றிவிட்டால் அசைக்க முடியாது. அவளை வேப்பங்குற்றி என்று கூப்பிடுவார்கள். அது அவளுக்குக் கோபம் வராத ஒரு பட்டம்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு எழுத்து முடிந்தது. பிரதீபன் அண்ணா ஜேர்மனியில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்தார். கிளிநொச்சியில் விவாகப் பதிவு நடந்தது. மோதிரம் மாற்றினார்கள். தாலி அடுத்த முறை வரும்போது கட்டுவது என்று இரண்டு வீட்டாரும் பேசினார்கள். அவர் அடுத்த முறை வரவில்லை. முதலில் வீடு சரிவரவில்லை என்றார். பிறகு வேலை மாறிவிட்டது என்றார். பிறகு பேப்பர் சரிவரவில்லை. அக்கா விசாவுக்காகக் கொழும்புக்குப் போய் ஜேர்மன் மொழிச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினாள். அந்தச் சான்றிதழ் அலுமாரியில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் வந்த போன், இப்போது கிழமைக்கு ஒன்று வந்தால் பெரிய காரியம்.

எழுத்து முடிந்த வருடத்தில் இருந்து அவள் கயிறு பிடிப்பதில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விழா நாளில் பிரதீபன் அண்ணாவின் அம்மாவுக்குப் பக்கத்தில், முன்வரிசையில், பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பாள். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் மாமி என்றுதான் சொல்வோம்.

ஊர் முன்பள்ளிக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். அக்கா விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். மாமிக்கு அதில் விருப்பம் இல்லை. "வெளிநாடு போற பிள்ளை. இஞ்ச வேலையில சேந்துபோட்டு, நாளைக்கே அவன் கூப்பிட்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டாவாம். அந்த 'நாளை' நான்கு வருடமாக வரவில்லை. அக்கா விண்ணப்பத்தை என்னிடம் தந்து வைத்திருந்தாள். கொடு என்றும் சொல்லவில்லை, கிழி என்றும் சொல்லவில்லை. அது என் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்குள் இருந்தது.

செந்தூரன் அண்ணா மைக்கைப் பிடித்தார். அவர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். மைக் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார்.

"அன்பான உறவுகளே! பரிசைப் பாருங்கோ. எட்டுப் பெரிய பேசின். பரந்தன் கடை மீராசாகிபு நானாவின்ர அன்பளிப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டலாம், நெல் ஊறப்போடலாம். கலியாணம் முடிக்காத ஆக்களுக்குப் பேசின் என்னத்துக்கு எண்டு கேக்கிறீங்களோ? அவையள் பயப்பிட வேண்டாம். தோக்கிற பக்கத்துக்குச் சோப்புப் பெட்டி இருக்கு!"

கலியாணம் முடித்த பக்கம் சிரித்தது. அந்தப் பக்கத்துத் தலைவி வடிவம்மா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற்கெனவே மைதானத்தில் நின்றா. அவவின் பெற்றோர் மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டி வயல் செய்தவர்கள். அவவும் பிறந்ததில் இருந்து மண்வெட்டியோடுதான். கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

செந்தூரன் அண்ணா மைக்கை மூடிக்கொண்டு மேசைக்கு வந்தார். "தயா, எங்கட பிள்ளையள் எத்தினை பேர்?"

"ஏழு."

"அப்ப நீ எட்டு."

"அண்ணா, நான் நாப்பத்தொரு கிலோ."

அவர் மைக்கைத் திறந்தார். "எட்டாவது ஆள் தயாளினி! நாப்பத்தொரு கிலோவாம்! அதுவும் கிலோதானே உறவுகளே!"

சனம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பேனையின் மூடியைப் பார்த்தேன். சென்ற வருடம் என்னிடம் டியூசன் படிக்கிற பிள்ளைகள் ஆசிரியர் தினத்துக்கு என்னைப் புகழ்ந்து பேச வந்தபோதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேசையில் ஒரு கை ஊன்றியது. ரஜிதா அக்கா.

"அவளை விடுங்கோ அண்ணா. நான் பிடிக்கிறன்."

"நீயோ?" செந்தூரன் அண்ணா மைக்கை மூட மறந்துவிட்டார். "நீ எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். மைதானம் முழுவதும் நீதிமன்றமாகிவிட்டது.

"இது என்னப்பா கேள்வி?" என்று வடிவம்மா அக்கா அங்கிருந்தே கத்தினா. "ரெஜிஸ்டர் பண்ணியாச்சுன்னா ஆச்சுதான். எங்க பக்கம் வாம்மா."

"உங்கட பக்கம் எட்டுப் பேர் இருக்கினம்!" என்றாள் எங்கள் பக்கத்தில் ஒருத்தி.

"ஒருத்திக்கு இடுப்பு வலி. அவளை உட்கார வச்சிடுவேன்."

"எனக்கு ஒரு நோவும் இல்லை!" என்று அந்தப் பக்கத்தில் ஒரு பெண் துள்ளினாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விடவில்லை. "தாலி எங்க? காட்டுங்கோ பாப்பம். தாலி இல்லாட்டி எங்கட ஆள்."

நடுவர் வீரகத்தி மாஸ்டர் விசிலை வாயில் இருந்து எடுத்தார். "விதியில எட்டுப் பேர் எண்டுதான் கிடக்கு. எழுத்து முடிஞ்சவையைப் பற்றி ஒண்டும் இல்லை."

பின்வரிசையில் இருந்து ஓர் ஆண்குரல். "நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் இழுக்கட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நாலு வருசமா அதைத்தானே செய்யிறன்" என்றாள். மேசைக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

செந்தூரன் அண்ணாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிரச்சினை வேண்டாம். ஜேர்மனிக்கே கோல் எடுத்து மாப்பிள்ளையிட்டக் கேப்பம். அங்க இப்ப மத்தியானம்தான். மைக்கிலயே போடுவம்!"

கை தட்டினார்கள். நான் மாமியைப் பார்த்தேன். அவ கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தா. அந்த நேரத்தில் போன் எடுத்தால் மகன் எடுப்பானா என்பது அவவுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"வேண்டாம் அண்ணா" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. ஆனால் மைக் திறந்திருந்தது. "கயிறு பிடிக்கப்போறது நான்தானே. அவரிட்ட ஏன் கேக்க வேணும்?"

ஒலிபெருக்கி அதை வயல் வரைக்கும் கொண்டுபோனது. கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள்.

"எழுது தயா. கலியாணம் முடிக்காத பக்கம்."

எழுதினேன். எட்டாவது இலக்கத்துக்கு நேரே அவள் பெயர். என் கையெழுத்து நல்லாக இருக்கும் என்பார்கள். அன்று அந்தப் பெயர் மட்டும் கோணலாக விழுந்தது.

வீரகத்தி மாஸ்டர் விசில் ஊதினார். "மோதிரம், காப்பு எல்லாம் கழட்டுங்கோ. பிறகு விரல் போயிட்டுது எண்டு என்னட்ட வரக்கூடாது."

பெண்கள் காப்புகளைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். தாலிக்கொடிகளைச் சட்டைக்குள் விட்டார்கள். அக்காவின் கையில் ஒரு மோதிரம் மட்டும் இருந்தது. அதைக் கழற்ற அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி நேரே முன்வரிசைக்குப் போனாள்.

"மாமி, இதைக் கொஞ்சம் வைச்சிருங்கோ."

மாமி மோதிரத்தைப் பார்த்தா. அவளைப் பார்த்தா. அக்கம்பக்கத்துக் கதிரைகள் எல்லாம் திரும்பின. எழும்பிப் போய்விடுவா என்றுதான் நான் நினைத்தேன்.

"கல்லுக் கிடக்கும். பாத்து நில்" என்றா மாமி. மோதிரத்தை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா.

முதல் இழுவை ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. எங்கள் பிள்ளைகள், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சேர்ந்து கத்தி இழுத்தார்கள். கயிறு அசையவில்லை. அவர்கள் மூச்சு விட்ட கணத்தில் வடிவம்மா அக்கா, "இழுங்கடி!" என்றா. எங்கள் எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டி வந்து குவியலாக விழுந்தார்கள். அக்காவும்தான். நான்கு வருடமாகப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"பேசினைத் துடைச்சு வையுங்கோ நானா!" என்று வடிவம்மா அக்கா மீராசாகிபு நானாவைப் பார்த்துச் சொன்னா.

மேசையில் இருந்து பார்க்கும்போது ஒன்று நன்றாகத் தெரிந்தது. கயிற்றின் இரண்டு பக்கமும் இழுவிசை ஒன்றுதான். காலுக்கும் மண்ணுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் "ரெண்டு" என்று சொன்ன உடனேயே வடிவம்மா அக்காவின் வாய், "குந்து" என்று அசையும். எட்டுப் பேரும் குதியை மண்ணுக்குள் இறக்கி இடுப்பைத் தாழ்த்திக்கொள்வார்கள். "மூண்டு" வரும்போது அங்கே ஒரு மதில் நிற்கும். நாங்களே நேரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்வதென்றால் மைதானத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். ஐம்பது மீற்றர். எல்லோரும் பார்ப்பார்கள். கொப்பியை மூடி, திறந்து, மறுபடி மூடினேன். பிறகு போனேன். பாதி வழியில் செந்தூரன் அண்ணா, "நாப்பத்தொரு கிலோ வருது! நாப்பத்தொரு கிலோ வருது!" என்று மைக்கில் சொன்னார். திரும்பிப் போவதற்கும் அதே தூரம்தான் இருந்தது.

"எண்ணாதேங்கோ" என்றேன் அக்காவிடம். எனக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் எண்ணுறது அவைக்குக் கேக்குது. ரெண்டு எண்டதும் குந்தீனம்."

"எண்ணாமல் எப்பிடியடி ஒண்டா இழுக்கிறது?"

"அது தெரியேல்லை."

அக்கா உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு அவளுடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கன நாளாகக் காணாத சிரிப்பு.

"அவைக்கு விளங்காமல் எண்ணுவம். எல்லாரும் கிட்ட வாங்கோ."

ஏழு பேரும் தலைகளைக் கூட்டினார்கள். அயின்ஸ், ஸ்வை, ட்றை. ஜேர்மனில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது சொல்லில் எல்லோருக்கும் நாக்குப் புரண்டது. ஒருத்தி சிரித்துக் குந்திவிட்டாள். அக்கா ஜேர்மன் வகுப்பு ரீச்சர் மாதிரி ஒவ்வொருத்தியையும் தனித்தனியே சொல்ல வைத்தாள்.

"என்னடி அங்க மந்திரம்?" என்றா வடிவம்மா அக்கா.

"பிள்ளையாருக்கு நேத்தி!" என்றாள் அக்கா.

இரண்டாவது இழுவை. விசில் ஊதியது. கயிறு இறுகியது. யாரும் "ஒண்டு" சொல்லவில்லை. வடிவம்மா அக்கா காதைக் கொடுத்துக்கொண்டு நின்றா. கடைசி முனையில் இருந்து அக்காவின் குரல் வந்தது.

"அயின்ஸ்! ஸ்வை! ட்றை!"

கயிறு ஒரு முழம் நகர்ந்தது. "என்ன சொல்றாளுவ?" என்று அந்தப் பக்கத்தில் ஒருத்தி கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு "ட்றை" வந்தது. மூன்றாவது "ட்றை"யில் கயிற்றின் நடுவில் கட்டியிருந்த துணி எங்கள் கோட்டைத் தாண்டியது.

செந்தூரன் அண்ணா மைக்கில் வெறும் காற்றை ஊதினார். அவருக்கு வார்த்தை வரவில்லை. அது நான் அறிய முதல் தரம். முன்பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் மைதானத்தின் ஓரத்தில், "ஐஞ்சு! பை! றை!" என்று குதித்தார்கள். நான் மேசைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றேன்.

மூன்றாவது இழுவைக்கு முன் வடிவம்மா அக்கா தன் ஆட்களைக் கூட்டினா. எங்கள் பக்கம் கையை நீட்டி மூன்று விரலைக் காட்டினா. அவ வயலில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவ. அவவுக்கு ஜேர்மன் தேவையில்லை.

"பிடிச்சிட்டா" என்றேன்.

"ஓம். பிடிச்சிட்டா" என்றாள் அக்கா. ஏழு பேரிடமும் குனிந்து ஏதோ சொன்னாள்.

விசில். இந்த முறை இரண்டு பக்கமும் நன்றாக ஊன்றி நின்றது. கயிறு நடுங்கியது. அரை நிமிடம் போயிருக்கும். யாருடையதோ செருப்பு அறுந்து பறந்தது. கலியாணம் முடித்தவர்களின் கணவன்மார் தங்கள் தங்கள் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவர் பதற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைக் கத்திவிட்டார்.

"அயின்ஸ்!"

"ஸ்வை!"

"குந்து!" என்றா வடிவம்மா அக்கா.

அவவின் எட்டுப் பேரும் குதியைப் புதிதாக ஊன்றக் காலை எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் மூன்றாவது சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டிலேயே இழுத்தார்கள். கால் மண்ணில் இல்லாத ஒருவரை இழுப்பது லேசு. அவர்கள் வரிசையாக இருந்த இருப்பில் வழுக்கி வந்தார்கள். வடிவம்மா அக்கா மட்டும் கயிற்றை விடாமல், சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வந்தா.

"ஏமாத்திப்புட்டா! மூணுன்னு நினைச்சேன், ரெண்டுல இழுத்துப்புட்டா!"

பேசின்கள் எங்கள் பக்கம் வந்தன. மீராசாகிபு நானாவே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "எடுத்து வைங்க மகள், ஒரு நாளைக்குத் தேவைப்படும்" என்றார் ஒவ்வொருத்திக்கும். வடிவம்மா அக்கா சோப்புப் பெட்டியைக் காதில் வைத்து, "ஹலோ ஜேர்மனியா?" என்றா. ரஜிதா அக்கா மண்ணில் இருந்தபடியே சிரித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள். அழுகிறாளோ என்று எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இல்லை, சிரிப்புத்தான்.

மாமி மைதானத்துக்குள் வந்தா. சனம் கலைந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பை அவிழ்த்து மோதிரத்தை எடுத்தா.

"இந்தா பிள்ளை."

அக்கா கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கை சிவந்து, விரல்கள் வீங்கியிருந்தன. மோதிரம் முதல் மூட்டையே தாண்டாது.

"உங்களிட்டையே இருக்கட்டும் மாமி."

"எவ்வளவு நாளைக்கு?"

"இண்டைக்கு இரவு நான் அவருக்கு எடுக்கிறன். எப்ப வாறியள் எண்டு ஒரு திகதி கேக்கப்போறன். திகதி சொன்னால் அவர் வந்து போடட்டும். சொல்லாட்டி…" அவள் பேசினைத் தூக்கி மண்ணைத் தட்டினாள். "சொல்லாட்டி அவரிட்டையே குடுத்துவிடுங்கோ."

மாமி மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தா. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவ மோதிரத்தை மறுபடியும் தலைப்பில் முடிந்தா. இந்த முறை இரண்டு முடிச்சு.

"என்னோடயும் அவன் ஒழுங்காக் கதைக்கிறேல்லை பிள்ளை" என்றா. "கேட்டால் வேலை எண்டுவான். நான் உன்னைக் கேக்க விடேல்லை. அது என்ர பிழைதான். கேள். நானும் பக்கத்தில இருக்கிறன்."

"இல்லை மாமி. நான் தனிய கதைக்கிறன்."

மாமி தலையாட்டினா. போகத் திரும்பியவ நின்றா.

"அந்த முன்பள்ளிப் பேப்பர் குடுத்திட்டியோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசைக்கு ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். ஓடியதை அப்போது யோசிக்கவில்லை. விண்ணப்பம் கடைசிப் பக்கத்துக்குள் மடியாமல் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கு மாமி" என்றேன்.

"செவ்வாய் வரைக்கும் ஏன்? நாளைக்கே குடுங்கோ" என்றா மாமி.

அக்கா விண்ணப்பத்தைப் பேசினுக்குள் வைத்தாள். காற்றில் பறக்காமல் மேலே செருப்பை வைக்கப் பார்த்தாள். நான் தடுத்து என் பேனையை வைத்தேன். பேசினை இடுப்பில் அணைத்துக்கொண்டு அவள் நடந்தாள். ஒலிபெருக்கியில் செந்தூரன் அண்ணா நன்றியுரையைத் தொடங்கியிருந்தார். அது முடிய நேரம் எடுக்கும்.

மண்டபத்து வாசலில் வடிவம்மா அக்கா நின்றா. "அடுத்த வருசம் எங்க பக்கம் வந்துரு ரஜிதா! உன்ன எதிர்ல வச்சுக்கிட்டு எங்களால முடியாது!"

"பாப்பம் அக்கா! வந்தாலும் சோப்புப் பெட்டிதான்!"

அவளுடைய பேசினின் மறுகரையை நான் பிடித்துக்கொண்டேன். பாரம் ஒன்றும் இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் அவள் எந்தப் பக்கம் நிற்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் மற்றப் பக்கம் போய்விட்டால், இங்கே எட்டாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாப்பாட்டில் இரண்டு பிடி கூடப் போட்டுக்கொண்டேன்.